நாய்க்கு வைத்த கொழுப்பு

கோழிக் கடைக்குப் போய், "கொழுப்பு இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்கக் கூடாது. இது எனக்கு ஐம்பத்தொன்பது வயதில்தான் தெரிந்தது.

தென்காசியில் எங்கள் தெரு முனையில் ஒரு பிராய்லர் கடை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஆள் எடை குறைகிறது என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுவிட்டு அப்போதுதான் பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். கடைக்காரருக்கு முகம் கடுகடுவென்று இருந்தது. அந்த நேரம் பார்த்து நான் கேட்டேன். அவர் கத்தியை மரக்கட்டையில் ஒரு போடு போட்டு நிறுத்தினார். என்னைப் பார்த்தால் உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்த பிறகுதான் விளங்கியது. உடனே பேச்சைச் சரிசெய்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. என்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் எனக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

"ஒங்களுக்கு இருக்கது நல்லாவே தெரியுது. நான் நாய்க்குல்லா கேக்கேன்" என்றேன்.

நான் சொன்னது என் வீட்டு நாயை. அவர் எடுத்துக்கொண்டது வேறு. அதற்குப் பிறகு அவர் பேசியதை இங்கே எழுத முடியாது, நான் பதிலுக்குப் பேசியதையும் எழுத முடியாது. அந்தக் கடைப் பக்கம் இன்றுவரை நான் போகவில்லை. எதிர்ச் சாரியில்தான் நடக்கிறேன்.

நாய்க்குக் கொழுப்பு தேவைப்பட்ட கதையைச் சொல்கிறேன். எங்கள் நாய் நாட்டு நாய், பெட்டை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஐந்தருவியில் ஒரு சிப்ஸ் கடை மேசைக்கு அடியில் நனைந்துகொண்டு கிடந்ததை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார். அப்போது அவர் போலீசில் இருந்தார். அருவி சீசன் பந்தோபஸ்துக்குப் போனவர், குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பெயர் வைக்கவில்லை. "ஏட்டி" என்று கூப்பிட்டார். என்னையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதனால் அவர் "ஏட்டி" என்று குரல் கொடுத்தால், நாயும் திரும்பும், நானும் திரும்புவேன். பல வருஷம் இது எங்கள் வீட்டில் ஒரு வேடிக்கையாக இருந்தது.

மூன்று வருஷமாக அந்த வேடிக்கை இல்லை. "ஏட்டி" என்றால் இப்போது நாய் மட்டும்தான்.

அவர் எஸ்.எஸ்.ஐ.யாக ரிட்டயர் ஆன மறு வருஷம் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று இரண்டு பக்கமும் அச்சடித்த தாள். அதை நான் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நான் முப்பது வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் எனக்குச் சட்டம். எண்ணெயை நிறுத்தினேன். தேங்காயை நிறுத்தினேன். தென்காசியில் பிறந்த ஒரு மனிதனுக்குத் தேங்காயை நிறுத்துவது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நிறுத்தினேன். ஆவியில் வெந்தது, தண்ணீரில் வெந்தது, உப்புக் குறைந்தது, இவ்வளவுதான் வீட்டில். எனக்கென்று தனியாக ஒரு அப்பளம்கூடப் பொரித்துக்கொண்டதில்லை. அவர் என்ன சாப்பிட்டாரோ அதையேதான் நானும் சாப்பிட்டேன்.

ஒரு நாள் ஆய்க்குடியிலிருந்து அவருடைய தங்கை வந்திருந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மெலிந்துவிட்டாரே என்று அவள் அங்கலாய்த்தாள். அதற்கு அவர் சொன்னது எனக்கு அப்படியே காதில் விழுந்தது.

"பட்டினி போட்டே கொல்லப் பாக்கா."

நாத்தனாரும் "ஆமா, அப்படித்தான் தெரியுது" என்கிற மாதிரி உச்சுக் கொட்டினாள். நான் வெளியே வந்து இரண்டு பேருக்கும் இலை போட்டேன். சோறு வைத்தேன். கீரைத்தண்டுக் கூட்டு வைத்தேன். மோர் ஊற்றினேன். அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. காது கேட்கிற தூரத்தில்தான் நான் இருந்தேன் என்று அவருக்குத் தெரியும். அவரும் போலீஸ்காரர், இறங்கி வருகிற ஆள் இல்லை. அவரும் நிறுத்திவிட்டார்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது முடியாத காரியம். காஸ் தீரும், தண்ணீர் மோட்டார் நின்று போகும், கோயம்புத்தூரிலிருந்து மகள் போன் செய்து ஏதாவது சொல்லுவாள். அதற்கு எங்களுக்கு நாய் இருந்தது. "ஏட்டி, உங்க ஐயாட்ட சொல்லு, காஸ் முடிஞ்சிருச்சுன்னு" என்பேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உங்க அம்மாட்ட சொல்லுட்டி, பதிஞ்சாச்சுன்னு" என்பார். நாய் நடுவில் படுத்துக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை பார்க்கும். அது தூங்கிக்கொண்டிருந்தால் காலால் லேசாக நெம்பி எழுப்பிவிட்டுத்தான் பேசுவோம். வெளியே போயிருந்தால் அது வரும்வரை காத்திருப்போம். ஒரு தடவை பாத்ரூம் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது, நாயைக் காணோம். நான் தெருவில் இறங்கி "ஏட்டி, ஏட்டி" என்று தேடிக் கூட்டிக்கொண்டு வந்து, அதனிடம் சொன்னேன், குழாய் உடைந்துவிட்டது என்று. படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வருஷம் வைகாசி வாக்கில் நாய் மெலிய ஆரம்பித்தது. பல் பாதிக்கு மேல் போய்விட்டது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். விலா எலும்பை எண்ணிவிடலாம். எங்கள் இரண்டு பேருக்கும் பயம் வந்துவிட்டது. நான் அவரிடம் சொல்லவில்லை, அவரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் ஒரு ஆட்டோவில் மூன்று பேருமாகப் போனோம்.

பார்த்த மாட்டு டாக்டர் சின்னப் பெண். வயதாகிவிட்டது, வேறு நோய் ஒன்றும் இல்லை என்றாள். கோழியை வேக வைத்துப் பிசைந்து சோற்றோடு கொடுங்கள், அதில் கோழிக் கொழுப்பை உருக்கி ஒரு சின்ன ஸ்பூன் காலையிலும் ஒரு சின்ன ஸ்பூன் மாலையிலும் கலந்துவிடுங்கள், அந்த வாசனைக்கே சாப்பிடும் என்றாள். அதற்கு மேல் ஊற்றினால் வயிறு கெட்டுவிடும். மசாலா கூடாது, உப்பு கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம், பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. இதை இரண்டு தடவை சொன்னாள். நாயைப் பிடித்துக்கொண்டு அவரும் பக்கத்தில்தான் நின்றார்.

கொழுப்பு தேடப் போய்த்தான் தெரு முனைக் கடையில் நான் அசிங்கப்பட்டது. இரண்டாவது கடையில், மேற்குப் பக்கம் பஸ் போகிற ரோட்டில், ஜாக்கிரதையாகக் கேட்டேன். கோழிக்குள்ளே மஞ்சளாக இருக்குமே, அது தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். இங்கே எல்லாரும் தோலோடும் அதோடும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், மிஞ்சுவதை மீன் குட்டைக்காரர்கள் டிரம்மோடு அள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள், சீசன் நேரம்தானே, ஐந்தருவிப் பக்கம் போய்ப் பாருங்கள் என்றார் அந்தக் கடைக்காரர். அருவிக்கு வருகிறவர்கள் மெட்ராஸ்காரர்கள், பெங்களூர்காரர்கள். தோலை எடு, கொழுப்பை எடு என்று ஒன்றும் இல்லாத சதையை வாங்கிக்கொண்டு போய் வாடகை வீட்டில் சமைப்பார்கள் என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் துண்டோடு, நடுரோட்டில் போகிறோம் என்கிற நினைப்பே இல்லாமல் ஒரு கூட்டம் போனது. எனக்கு சீசன் கூட்டம் பிடிக்காது. ஊரைக் குப்பைக் கூடையாக்கிவிட்டுப் போகிற கூட்டம். அந்தக் கூட்டத்தை நம்பி நான் போக வேண்டியதாயிற்று என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது. அங்கே ஒரு ஓட்டைத் தகரக் கூரைக்குக் கீழே ஒருத்தன் மடமடவென்று வெட்டிக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். நான் கேட்பதற்கு முன்னாலேயே, "என்ன வேணும் ஆச்சி?" என்றான். ஆச்சியாம். இன்னும் என் தலையில் பாதி கறுப்புதான். அந்த எரிச்சலையும் விழுங்கிக்கொண்டு, விஷயத்தைச் சொன்னேன்.

"நாங்க அத நெய்யின்னுதான் சொல்லுவோம் ஆச்சி. கடையில நின்னு கொழுப்புன்னு கேட்டா சண்டைல்லா வரும்" என்றான்.

இந்த ஒரு வார்த்தை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் தெரு முனையில் அவ்வளவு பேச்சு வாங்கியிருக்க வேண்டாம். அவன் வாளியிலிருந்து இரண்டு கை அள்ளி, பையில் போட்டுக் கொடுத்தான். பிராய்லர் கொழுப்பு வெளிறிப்போய் இருக்கும். முட்டையிட்டு ஓய்ந்த நாட்டுக்கோழியில் இருப்பது சாமந்திப் பூ நிறம். அன்றைக்கு ஒரு நாட்டுக்கோழியும் வெட்டியிருந்தான், அதையும் போட்டான்.

வீட்டுக்கு வந்து அலசி, சின்னச் சின்னதாக நறுக்கி, இரும்புச் சட்டியில் அரை டம்ளர் தண்ணீரோடு சேர்த்து, அடுப்பைச் சிறு தீயில் வைத்தேன். முதலில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கவிச்சியடிக்கும். பொறுமையாக நிற்க வேண்டும். தண்ணீர் வற்றிய பிறகு சட்டியின் சத்தம் மாறும், கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரும். வாசனையும் மாறிவிடும். மஞ்சளாகத் தெளிந்த பிறகு டீ வடிகட்டியில் வடித்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். சாரல் குளிரில் ஒரு மணி நேரத்தில் அது உறைந்துவிட்டது. வடிகட்டியில் தங்கிய முறுகலான சக்கையை ஒரு டப்பாவில் போட்டேன். பாட்டிலில் "நாய்" என்று ஒரு தாள் ஒட்டி பிரிட்ஜில் வைத்தேன்.

மூன்று வருஷமாக எண்ணெய் வாசனையே இல்லாத வீட்டில் அன்று அந்த வாசனை கூடம்வரை போனது. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார்.

நாய் அன்று சாயங்காலம் தட்டை நக்கித் தீர்த்தது. வாரம் ஒரு தடவை போய் வாங்கி வந்து உருக்கினேன். காலையில் நான் வைப்பேன், சாயங்காலம் அவர் வைப்பார். சோறு ஒழுங்காக உள்ளே போனது. ஆனால் உடம்பு தேறவில்லை. விலா எலும்பு அப்படியே இருந்தது. பாட்டில் மட்டும் சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. சத்துணவுக் கூடத்தில் ஒரு முட்டை குறைந்தால் கண்டுபிடித்துவிடுவேன் நான். ஒரு நாளைக்கு இரண்டு சின்ன ஸ்பூன் என்றால் எத்தனை நாள் வர வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அவர் தாராளமாக ஊற்றுகிறார், அதனால்தான் நாய்க்கு உடம்பில் ஒட்டவில்லை என்று நினைத்தேன். "ஏட்டி, உங்க ஐயாட்ட சொல்லு, அளந்து ஊத்தச் சொல்லி. கொழுப்பு கூடிப் போச்சுன்னா நல்லதில்ல" என்றேன். அவர் நாயிடம், "சரின்னு சொல்லுட்டி" என்றார். அவ்வளவு சாதுவாக அவர் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆடி மாதம் ஒரு நாள் காலையில் ஐந்தருவிக்குப் போனேன். மலையில் ராத்திரி முழுக்க மழை பெய்திருக்கிறது. அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாறையை மூடிக்கொண்டு விழுந்தது. குளிக்கத் தடை போட்டு போலீஸ் தடுப்பு வைத்திருந்தது. கூட்டம் இல்லை. தகரக் கூரைக்காரன், ஒரு கோழிகூட வெட்டவில்லை ஆச்சி என்று கையை விரித்தான். போன வேகத்தில் வெறும் கையோடு திரும்பினேன். எங்கள் தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தது, ஸ்கூட்டியை முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். பின்வாசல் வழியாக நுழைந்தேன்.

அடுக்களையிலிருந்து "ஏட்டி" என்று சத்தம் கேட்டது. நான் என்னையறியாமல் வாயைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, சத்தம் வரவில்லை. அவர் கூப்பிட்டது நாயை.

கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பனியனோடு அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். தோசைக்கல்லில் ஒரு தோசை. பக்கத்தில் "நாய்" என்று ஒட்டிய என் பாட்டில். பெரிய கரண்டியால் கொழுப்பை எடுத்துத் தோசையைச் சுற்றி விட்டார். ஒரு கிண்ணத்தில் முறுகல் சக்கையைப் போட்டு, உப்பும் மிளகுப் பொடியும் தூவி வைத்திருந்தார். காலடியில் நாய் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தோசையை எடுத்து நடுவில் கிழித்து, பாதியை ஊதி ஊதி ஆற்றி அதற்குப் போட்டார். மிச்சத்தை அங்கேயே நின்றுகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தின்றார்.

ஸ்டென்ட் வைத்த ஆள். ஒரு கிழட்டு நாய்க்கு வைத்ததைத் திருடித் தின்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த குடையை அவர் தலையில் போட்டிருப்பேன். அந்தக் கொழுப்பு அவர் நெஞ்சில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும், அந்தத் தாளை நான் மனப்பாடமாகச் சொல்லுவேன். உள்ளே போய், "என்ன செய்தீய? சாகப் போறீயளா?" என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கு வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் மூன்று வருஷம் போச்சு. முதலில் பேசியது நான் என்று ஆகிவிடும். அவர் சொன்ன அந்தச் சொல் அப்படியே நிற்க, நான் இறங்கி வந்ததாக ஆகிவிடும். அது என்னால் முடியவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து, ஸ்கூட்டியை எடுத்து, தெருவில் தேங்கிய தண்ணீருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் இரண்டு தடவை ஹார்ன் அடித்தேன். உள்ளே வந்தபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கல் கழுவி வைத்திருந்தது.

மறுநாள் அவர் முடி வெட்டப் போயிருந்தபோது நானும் அந்தக் கொழுப்பில் ஒரு தோசை சுட்டுத் தின்று பார்த்தேன். என்ன இருக்கிறது அதில் என்று பார்க்கத்தான். ஓரம் முறுகி, நடுவில் பஞ்சாக, அவ்வளவு ருசியாக இருந்தது. அதனால் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

கொழுப்பு வாங்குவதை நிறுத்தினால் நாய் பட்டினி. வாங்கினால் பாதி அவர் வயிற்றுக்குள். பாட்டிலைப் பூட்டி வைக்கலாம், பூட்டினால் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஐந்தருவியில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வாங்கி வந்தேன். பாதியை உருக்கி "நாய்" பாட்டிலில் ஊற்றி, காய்கறித் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மீதிப் பாதியில், கொழுப்பு உருகித் தெளிந்த நேரம் பார்த்து, சின்ன வெங்காயம் ஒரு கை உரித்துப் போட்டேன். கறிவேப்பிலை ஒரு கொத்து உருவிப் போட்டேன். இரண்டும் முறுகிச் சிவந்ததும் இறக்கி வேறு ஒரு பாட்டிலில் ஊற்றினேன். அதில் ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. பிரிட்ஜைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில், அந்தத் தாளுக்கு நேர் பின்னால் வைத்தேன். அன்றிலிருந்து நாய்க்குச் சாயங்காலமும் நானே வைத்தேன்.

இதைக் கரிசனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு நாய் பிழைக்க வேண்டும், அதன் பங்கில் அவர் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தின்னட்டும் என்று நினைத்தேன். பட்டினி போட்டுக் கொல்லுகிறேன் என்றாரே, இந்தா, வயிறு முட்டத் தின்னட்டும் என்று நினைத்தேன். கையில் கரண்டியோடு, அடுப்புக்கு முன்னால் நின்று, நல்ல நினைவோடு நினைத்தேன்.

அந்த இரண்டாவது பாட்டிலும் வாரா வாரம் காலியானது. வாரா வாரம் நிறைத்து வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாய்க்கு விலா எலும்பு மறைந்து முதுகில் மினுமினுப்பு வந்தது. அவருக்கும் கன்னம் உப்பியது. மதியம் என் கீரையையும் மோரையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். சீசன் முடிகிறவரைக்கும், இரண்டு மாதத்துக்குப் பக்கமாக, இப்படியே போனது. தினமும் காலையில் அவர் எழுந்து வருகிறாரா என்று படுக்கையிலிருந்தே காது கொடுத்துக் கேட்பேன். செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அன்றைக்கு மறுபடி வெங்காயம் உரிப்பேன்.

புரட்டாசியில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிற செக்கப் வந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டோடு இருதய டாக்டர் அறைக்குப் போனோம். அங்கே நாய் கிடையாது. அதனால் டாக்டர் முன்னால் நாங்கள் இரண்டு பேரும் டாக்டரிடம் மட்டும் பேசுவோம். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தத்தில் கொழுப்பு இவ்வளவு ஏறியிருக்கிறதே, மூன்று வருஷமாக நன்றாகத்தானே வைத்திருந்தீர்கள், வெளியே சாப்பிடுகிறீர்களா என்று அவரிடம் கேட்டார். இல்லை, வீட்டுச் சாப்பாடுதான் என்றார் இவர். டாக்டர் என் பக்கம் திரும்பினார். நீங்கள்தானே சமைக்கிறீர்கள், இப்படி அலட்சியமாக இருந்தால் அடுத்த தடவை இங்கே நடந்து வர மாட்டார், தூக்கிக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும் என்றார். இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழி என் தலையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "நாய்க்கு வச்ச கொழுப்பத் திங்காரு டாக்டர். தோச சுட்டுத் திங்காரு. நான் கண்ணால பாத்தேன்" என்றேன்.

டாக்டருக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆனது. பிறகு, எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். ஆடியில் என்றேன். பார்த்துவிட்டு ஏனம்மா சும்மா இருந்தீர்கள் என்று கேட்டார். நான் ரிப்போர்ட்டை எடுத்து மடித்தேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்து, வெளியே மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வரிசையாகப் போட்ட இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். எப்போதும் போல நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டுத்தான் உட்கார்ந்தோம்.  டாக்டரிடம் சொன்னது போதாது, இவர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிடுவது என்று வார்த்தைகளை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு, என்னைப் பேச்சு வாங்க வைத்தீர்களே என்று கேட்கலாம் என்று இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"நாய்க்கு வெங்காயம் ஆகாதுன்னு அந்தப் பிள்ள சொல்லும்போது நானும் நின்னேன்லா" என்றார். "ரெண்டாவது பாட்டிலப் பாத்த அன்னைக்கே ஒனக்குத் தெரிஞ்சிட்டுன்னு எனக்குத் தெரியும்."

அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். எனக்கே தெரியாமல் நேராக அவரிடம் கேட்டுவிட்டேன்.

"இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு தின்னுகிட்டே இருந்தேன். திங்காதியன்னு ஒரு சொல்லு சொல்லல. நீ வெங்காயம்லா போட்டுத் தந்தே."

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதி, கடைசியில் வாசித்துக் காட்டுவார்களே, அந்தக் குரலில் சொன்னார். மருந்துக் கடையில் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார்.

முப்பத்து நாலு வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் என்னிடம் பதில் இல்லாமல் இருந்ததில்லை. தங்கையிடம் அவர் சொன்ன அந்தச் சொல்லுக்குக்கூட என்னிடம் நூறு பதில் இருந்தது. நான் சமைத்த ஒவ்வொரு வேளையும் அதற்குப் பதில்தான். இதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. அவரை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. உயிரைப் பணயம் வைத்து என்னைச் சோதித்துப் பார்த்த மனிதனை எப்படிப் பிடிக்கும்? ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. "திங்காதிய" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்லாமல், வாரா வாரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய வழிய வெங்காயம் உரித்திருக்கிறேன்.